நாலுவழிச் சாலையில் ஒரு பானெட் வைத்தியர்

பானெட் வைத்தியர் என்றொரு இனம் எங்கள் பக்கம் உண்டு. பார்த்ததில்லை என்றால், கோவில்பட்டியிலிருந்து தெற்கே போகும் நாலுவழிச் சாலையில் ஓர் ஓரமாகக் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டுச் சும்மா நின்று பாருங்கள். சுற்றிலும் கரிசல் காடு, கண்ணுக்கு எட்டியவரை காற்றாலை, ஒரு மனுஷர் கிடையாது என்றுதான் தோன்றும். நீங்கள் இடுப்பில் கைவைத்து ஒரு பெருமூச்சு விடுவதற்குள் பக்கத்தில் ஒருவர் நிற்பார். எங்கேயிருந்து வந்தார் என்று கேட்காதீர்கள். அது அவருக்கே தெரியாது.

வந்தவர் உடனே வாய் திறக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா சுவரையும் உத்தரத்தையும் நோட்டம் விடுவது போல, என்ஜினை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்ப்பார். ஏதாவது ஒரு குழாயைத் தொடுவார். சுடும். சுட்டதைக் காட்டிக்கொள்ளாமல் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். "சவுண்டு குடுங்க" என்பார். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்க, அவர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு வரும் அந்தக் கேள்வி.

"என்ன மாடல்?"

"பதினாலு."

"அதான்."

பதினெட்டு என்று சொல்லியிருந்தாலும் அதான். நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து எடுத்தேன் என்றாலும் அதான். அடுத்து அவருடைய மச்சான் வருவார். மச்சான் வண்டிக்கும் இதே சீக்கு வந்திருக்கும், இவர்தான் வைத்தியம் சொல்லியிருப்பார். அந்த வண்டி இப்போது எங்கே என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு வருஷமாகியிருக்கும்.

சாலையோரத்து வைத்தியரால் பெரிய கெடுதல் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆபத்து, உங்கள் தெருவிலேயே குடியிருக்கிறவர். எங்கள் தெருவில் அவர் பெயர் செண்பகராஜ் அண்ணாச்சி. உரக்கடை வைத்திருக்கிறார். சொந்தமாக ஒரு மொபெட். அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, பானெட்டும் கிடையாது. அனுபவம் இல்லையே என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர் இடைவெளி விட்டால்தானே?

சித்திரை வெயிலில் ஒருநாள், ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றபோது ஜெயகிருஷ்ணனின் பழைய காரில் சூடு காட்டும் முள் கொஞ்சம் மேலே ஏறியது. ஜெயகிருஷ்ணன் எனக்கு எதிர்வீடு, சாது. ஏறிய முள் தானாக இறங்கியும்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார்.

"ஏலே, இதுக்குப் போயி மெக்கானிக்கா? வீட்டுல பானையில ஈரச் சாக்கு சுத்துதோமே, தண்ணி சில்லுனு இருக்கா இல்லியா? அதே கணக்குத்தாம்லே இதுக்கும்!"

வெயிலில் காய்கிற ஊர்க்காரர் யார் இதை மறுக்க முடியும்? கடையிலிருந்து ஒரு சாக்கை, நல்ல சணல் சாக்காகப் பார்த்து எடுத்து, நனைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இறுக்கக் கட்டினார். அந்த வாரம் முழுக்க ஜெயகிருஷ்ணன் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டினார். முள் அசையவில்லை. அண்ணாச்சி உரம் விற்பதை விட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சாக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் காதுகுத்து வந்தது. ஜெயகிருஷ்ணனின் ஒரே தங்கை பிரேமா, அவளுடைய மூத்த பிள்ளைக்கு, திருநெல்வேலிக்கு அந்தாண்டை குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறாள். பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். ஜெயகிருஷ்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அந்த மடிக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போகிற பெரிய மரியாதை அதுதான். பட்டு வேட்டியை முந்தின நாளே கட்டிப் பார்த்துக்கொண்டார். முன்சீட்டில் அண்ணாச்சி, வழியில் ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ள. பின்சீட்டில் ஜெயகிருஷ்ணனின் மனைவி தீபலட்சுமியும், மடியில் சீர்த்தட்டோடு நானும்.

நாலுவழிச் சாலையில் ஏறி வண்டி எண்பதைத் தொட்டதும் முள் ஏறத் தொடங்கியது. நாற்பதுக்கு வந்தால் இறங்கியது. மறுபடி எண்பது, மறுபடி ஏற்றம். கயத்தாறுக்கு முன்னால் ஆவியே வந்துவிட்டது.

பானெட்டைத் திறந்தோம். உடனே இருவர் முளைத்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தவசி, வாட்டர் பம்ப் போச்சு என்றார். ஸ்கூட்டரில் வந்த கடம்பூர் பலசரக்குக் கடை அப்துல் வாஹித், தெர்மோஸ்டாட் என்றார். அண்ணாச்சி இருவரையும் பரிதாபமாகப் பார்த்து, ஹெட் கேஸ்கட் என்றார். மூவரும் மூன்று மச்சான்களை வரவழைத்துச் சண்டை போட்டார்கள். நடுவில் அப்துல் வாஹித் மட்டும் குனிந்து பார்த்துவிட்டார்.

"இது என்ன அண்ணாச்சி, சாக்கு?"

"அது நான் கட்டுனது. அது இருக்கப் போயித்தான் வண்டி இம்புட்டுத் தூரமாச்சும் வந்திருக்கு."

ஒருவர் பார்த்த வைத்தியத்தில் இன்னொருவர் கைவைப்பது அந்த இனத்தில் மரியாதை இல்லை. அப்துல் வாஹித் நிமிர்ந்து, மறுபடி தெர்மோஸ்டாட்டுக்கே போனார். அண்ணாச்சி நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் சாக்கின் மேல் ஊற்றினார்.

ஜெயகிருஷ்ணனின் செல்போன் அலறியது. பிரேமா.

"அண்ணே, எங்கன இருக்க? காது குத்துத ஆசாரி காத்துக்கிட்டு இருக்காவ. ராகுகாலம் வருதுன்னு எங்க மாமியா முத்துசெல்வத்தை உக்காரச் சொல்லுதாவ. சீக்கிரம் வாண்ணே!"

முத்துசெல்வம் இவர்களுடைய சித்தப்பா மகன். ஜெயகிருஷ்ணனுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜெயகிருஷ்ணன் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. "வந்துட்டேன்மா, வந்துட்டேன்" என்றார்.

"பஸ்ஸுல போயிருதேன் அண்ணாச்சி."

"ஏலே, என் பேரு என்னத்துக்காவும்? அரைமணி ஆறவிடு. நான் இருக்கேன்லா."

சாது மனிதர் நின்றார். தீபலட்சுமிதான் வெடித்தாள். "நிக்கவச்சே கொல்லுதீங்களே, உக்கார ஒரு இடம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே அந்தச் சாக்கைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்தது. சாக்கை உடைமரத்து நிழலில் விரித்து, கட்டியிருந்த பட்டுச்சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ஜின் ஆறியது. தண்ணீருக்குப் பக்கத்து வயல் மோட்டாருக்கு நடந்தோம். ரேடியேட்டரை நிரப்பிக் கிளம்பினோம். கோபத்தில் அவள் சாக்கை எடுக்கவில்லை. வேறு யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

எண்பது போனோம். தொண்ணூறு போனோம். முள் அசையவே இல்லை. வேகத்தில் போகிற என்ஜினுக்கு வேண்டியது எதிர்க்காற்று. அது உள்ளே வரும் வழியைத்தான் இவ்வளவு நேரமும் சாக்கால் அடைத்து வைத்திருந்தோம்.

"பாத்தியா? ஆறவிட்டா சரியாயிரும்னு சொன்னேன்லா" என்றார் அண்ணாச்சி.

கோயில் வாசலில் இறங்கும்போதே பிள்ளையின் அழுகை கேட்டது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை, இரண்டு காதிலும் தங்கம். முத்துசெல்வத்தின் மடியிலிருந்து அப்போதுதான் இறக்கினார்கள். ஜெயகிருஷ்ணன் பட்டு வேட்டியோடு நின்றார். பிரேமா அண்ணனைப் பார்த்தாள். பேச்சு வந்த நாள் முதல் அண்ணனை 'வா, போ' என்றே கூப்பிட்டு வளர்ந்தவள்.

"வாங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."

அண்ணாச்சி நன்றாகச் சாப்பிட்டார். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், கொதித்து நின்ற வண்டியைத் தான் கரைசேர்த்த கதையை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து இலைக்காரர், தன் வண்டியிலும் முள் கொஞ்சம் ஏறுகிறது என்றார். "என்ன மாடல்?" என்று அண்ணாச்சி கேட்டபோது நான் மோரைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாற்பதில் ஆறுகிறது, எண்பதில் கொதிக்கிறது என்று நான் சொன்னபோது, கேஸ்கட்டாக இருக்குமோ, பம்ப்பாக இருக்குமோ என்று உங்கள் நாக்கு துடித்ததா இல்லையா? இல்லை, சாக்குதான் என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்கிறீர்களா? அப்படியென்றால் நோய் முற்றிவிட்டது. அடுத்த முறை ரோட்டோரம் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். காற்று வரட்டும்.