அழியாத கோடு

"அண்ணே, இந்தச் சனிக்கிழமையாவது வருவியா?" என்று தம்பி போனில் கேட்டபோது, கைனேஸ் சார் சோதனைத் தாளில் இருந்த ஒரு கறுப்புக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் அவருக்கு அதுதான் பெயர். செல்லுக்குள் மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, "எழுந்து வேலையைப் பார்" என்று விரட்டும் புரதம்தான் கைனேஸ். அதில் ஈஸ்ட் முதல் மனிதன் வரை அச்சு மாறாமல் வந்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டு பதினொரு வருடமாக மாரடிக்கிறார். அந்தக் குடும்பத்தின் மூத்தவன் இல்லாவிட்டால் செல் பெருகாது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க ஈஸ்டிலிருந்து மூத்தவனின் மரபணுவையே வெட்டி எறிந்துவிட்டார். ஆனாலும் சோதனைத் தாளில் மூத்தவனைக் காட்டும் கோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. செல்களும் ஜம்மென்று பெருகின.

"ஒரு கோடு அழிய மாட்டேங்குதுடா. அடுத்த வாரம் கண்டிப்பா."

"அப்பாவுக்குக் கண்ணு சுத்தமா போயிடுச்சுண்ணே. குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார். பெரியவன் எங்க, பெரியவன் எங்கன்னு ஒரே பாட்டு."

"நீதான் இருக்கியேடா."

"நான் இருக்கேன்," என்றான் தம்பி.

அடுத்த வாரம் மரபணுவை மறுபடி வெட்டினார். கோடு போகவில்லை. புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டிவிட்டு, உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கினார். அது நன்றாகவே வேலை செய்தது. கோடு முன்னைவிடத் தடித்தது.

வேறு செல் கலந்திருக்கிறது என்று அடுத்த சந்தேகம். அறை முழுக்கக் கிருமிநாசினியை ஊற்றிக் கழுவியதில், பக்கத்து மேசை அம்மா இரண்டு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த செல்கள் கூண்டோடு காலி. கோடு மட்டும் செத்தாலும் போக மாட்டேன் என்றது.

இப்படியே ஒன்றரை வருடச் சனிக்கிழமைகள் போயின.

"அப்பா என்னைக் கேட்டாராடா?"

"இப்பல்லாம் கேக்கறதே இல்லண்ணே. சந்தோஷமா இருக்கார்."

கைனேஸ் சாருக்கு நிம்மதியாக இருந்தது. நெஞ்சில் எங்கேயோ வலிக்கவும் செய்தது. ஆனால் மதியம் மறுபடி கோடு பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்த போனைப் பக்கத்து மேசை அம்மா எடுத்துவிட்டார்.

"சார், உங்க தம்பி கூப்பிட்டார். நீங்கதான்னு நெனச்சு, என் செல்லையெல்லாம் கொன்ன பாவின்னு நல்லா திட்டிட்டேன். அவரும் பாவம், மன்னிச்சுக்கங்கன்னுட்டார். அச்சு அசல் உங்க குரல் சார்!"

"எல்லாரும் அப்படித்தான் ஏமாறுவாங்க."

அந்த அம்மா தன் மேசைக்குத் திரும்பப் போனவர் நின்றார். பிறகு, "சார், உங்க கைனேஸுக்கும் ஒரு தம்பி உண்டுல்ல? ஆன்டிபாடி ஜாடையைப் பார்த்துத்தானே பிடிக்குது? தம்பியைப் பிடிச்சுட்டு அண்ணன்னு சொல்லுதோ என்னவோ!" என்றார்.

இளையவனையும் வெட்டிப் பார்த்தார். கோடு மாயமாக மறைந்தது. அதோடு செல்களும் பெருகாமல் நின்றன. மூத்தவன் போன நாளிலிருந்து அவன் வேலையையும் சேர்த்து இளையவனே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறான். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

துள்ளிக் குதிக்க வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே கிளம்பினார்.

தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. அப்பா ஜன்னலோர நாற்காலியில் பாதியாக இளைத்திருந்தார். கைனேஸ் சார் தரையில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, மன்னிச்சிடுங்கப்பா. இத்தனை நாள் வராமலே இருந்துட்டேன்."

அப்பா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கையை விலக்கிக்கொள்ளவில்லை.

"வா சின்னவனே. உங்க அண்ணன் ஒரு சனிக்கிழமை தவறினதில்ல, உனக்குத்தான் ஒன்றரை வருஷமா இந்தப் பக்கம் வர வழி தெரியல."