கோலெட் களப்பணிக்குப் போயிருக்கிறாள்

"மெர்டன், மதிப்பீட்டுக் குழு வந்தாச்சா?" என்று போனில் கேட்டாள் கோலெட்.

"வேன் வாசல்ல நிக்குது. நீ எங்க?"

"படகுல."

"படகு எங்க?"

"சேத்துல."

மெர்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தின் கடலோர ஆராய்ச்சித் திட்டத்தில் அவர் துணை இயக்குநர். வாஷிங்டன் கொடுக்கும் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க நாலு வருஷத்துக்கு ஒருமுறை கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒரு குழு வரும். இயக்குநர் இந்த வருஷம் நல்ல முகூர்த்தம் பார்த்து முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் படுத்துவிட்டார். ஆகவே எல்லாம் மெர்டன் தலையில்.

"காலங்கார்த்தால உன்னை யாரு படகுல போகச் சொன்னா?"

"வர்றவங்களுக்கு நம்ம பண்ணை சிப்பி நாலு சாப்பிடக் குடுக்கலாம்னு நெனச்சேன். தண்ணி எறங்கறதுக்குள்ள திரும்பிடலாம்னு..."

"தண்ணி எறங்கற நேரம் பாக்கலயா?"

"பாத்தேன். நம்ம அட்டவணையிலதான் பாத்தேன். வருஷா வருஷம் கோடையில கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெப்பாங்கள்ல, அதுக்கு அட்டவணையில ஒரு மணி நேரம் கூட்டிக்கணும்ல? கூட்டினேன்."

"அம்மா தாயே! ஜனங்க கொழம்பறாங்கன்னு இந்த வருஷம் நாமளே கூட்டித்தானே அச்சடிச்சோம்?"

"நாம இல்ல, மெர்டன். நான்தான் கூட்டி அச்சடிச்சேன்." என்றாள் கோலெட். "பழக்கதோஷத்துல இன்னொரு தடவை கூட்டிட்டேன்."

இறங்கி நடந்து வரவும் முடியாது. அந்த வளைகுடாச் சேறு தொடை வரை உள்ளே இழுக்கும். தீயணைப்புப் படையைக் கூப்பிட்டால் பின்னாலேயே உள்ளூர்ப் பத்திரிகை வரும். தண்ணீர் திரும்பி ஏறிப் படகு மிதக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் குழுவின் வேலையே முடிந்துவிடும்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இங்கே காலுக்குக் கீழே வெள்ளம் இல்லாததுதான் கஷ்டம்.

அதிலும் இன்றைக்கு முதல் நிகழ்ச்சியே கோலெட்டின் பேச்சு. கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சரியாகப் பார்க்க ஊராருக்குக் கற்றுக்கொடுத்து, சேற்றில் மாட்டிக்கொள்கிறவர்களைக் குறைத்தது அவளுடைய பெரிய சாதனை. போன வாரம்தான் டீன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "ஒரு ஆளைக் குறைச்சாகணும், மெர்டன். கடைசியா சேர்ந்தது கோலெட். குழு அவ வேலையப் புகழ்ந்தா பாக்கலாம்." கோலெட்டுக்கு இரட்டைக் குழந்தைகள். புருஷனுக்குச் சிங்கி இறால் படகில் கோடையில் மட்டும் வேலை. இவள் வேலையில்தான் வீடு முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு.

"நீ அங்கயே இரு. நான் பாத்துக்கறேன்," என்றார் மெர்டன்.

"வேற எங்க போகப் போறேன்?"

குழுவின் தலைவி டாக்டர் இங்க்ரிட் வோஸ், ஒல்லியான அம்மாள். கூட இரண்டு பேராசிரியர்கள். மெர்டன் காபி ஊற்றப் போனபோது அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"மன்னிக்கணும். மதிப்பிடற இடத்துல நாங்க எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. காபி நாங்களே கொண்டு வந்திருக்கோம்."

"சிப்பி கூடவா?"

"சிப்பி கண்டிப்பா கூடாது."

மெர்டன் ஜன்னல் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"கோலெட் எங்க? அவங்கதானே முதல்ல பேசணும்?"

"களப்பணிக்குப் போயிருக்காங்க," என்றார் மெர்டன். அதில் பொய் ஒன்றும் இல்லை. களத்திலிருந்து அவளால் நகரத்தான் முடியவில்லை.

"அப்ப பேச்சு?"

"நான் பேசறேன்."

பேசினார். அந்தப் பேச்சை நாலு தடவை திருத்திக் கொடுத்தவரே அவர்தான். பயத்தில் வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. ஒரு பேராசிரியர் கைகூடத் தட்டினார்.

"அருமை! அவங்க இல்லாட்டியும் ஒரு கொறையும் தெரியல," என்று டாக்டர் வோஸ் குறித்துக்கொண்டார். மெர்டனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

அடுத்து, திட்டத்தால் பயனடைந்தவர்களின் சாட்சி. சிப்பி வளர்க்கும் ஹார்லன் வந்திருந்தான். ஊரில் அவன் படகுத்துறையிலிருந்து வளைகுடா முழுவதும் தெரியும். தாழ்வாரத்திலேயே மெர்டனைப் பிடித்துக்கொண்டான்.

"என்னய்யா மெர்டன், அங்க சேத்துல குந்தியிருக்கறது நம்ம கோலெட் தானே? அதே ஆரஞ்சு ரப்பர் கால்சட்டை!"

"கத்தாதய்யா! உள்ள கேட்டா அவ எங்கன்னு தெரியாதுன்னு சொல்லு. அவ பேரே எடுக்காத. அவ வேலை போயிடும்."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது," என்று ஹார்லன் மார்பில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நல்ல மனுஷன். அதுதான் ஆபத்து.

"உங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா கோலெட்டைக் கூப்பிடுவீங்களா?" என்று டாக்டர் வோஸ் கேட்டார்.

ஹார்லன் மெர்டனைப் பார்த்தான். மெர்டன் கூரையைப் பார்த்தார்.

"கூப்பிடறதா? எதுக்கு? எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்," என்றான் ஹார்லன். "கோலெட்டை நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. இன்னிக்குக் காலைல பாக்கவே இல்ல."

"பாருங்க!" என்று டாக்டர் வோஸ் மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "மக்கள் சொந்தக் கால்ல நிக்கறாங்க. இதைத்தான் ஒவ்வொரு மாநிலத்துலயும் தேடறோம்."

மெர்டனுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் புகழ்கிறார்களே, புகழ்ச்சிக்குத்தானே இந்தப் பாடு என்று விட்டுவிட்டார். இத்தனை வருஷம் அறிக்கை எழுதி, அந்த அறிக்கைக்கு ஓர் அறிக்கை எழுதி, மனுஷன் களைத்துப் போயிருந்தார். யாராவது நன்றாயிருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்கத் தெம்பில்லை.

மத்தியானம் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது. கொண்டு வந்த ரொட்டியைக் கடித்தபடியே டாக்டர் வோஸ் ஜன்னலோரம் போய் நின்றார்.

"மெர்டன், அங்க சேத்து நடுவுல ஒரு படகு. யாரோ உக்காந்திருக்காங்களே! மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல இல்ல. அது... ஆராய்ச்சி."

"என்ன ஆராய்ச்சி?"

"சேறு. சேறு எப்படி... படியுதுன்னு."

"காலைலேர்ந்தா?"

"தண்ணி ஏறற வரைக்கும் இருந்து பாக்கணும்."

"உங்க ஊழியர் பட்டியல்ல சேறு ஆராய்ச்சிக்கு யாரும் இல்லையே?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவது கேள்விப்பட்டதுதான். மெர்டன் கையில் குரங்கும் நிற்க மாட்டேன் என்றது.

"ஊழியர் இல்ல. தன்னார்வலர்."

"சம்பளமில்லாமலா?"

"சம்பளமில்லாம."

டாக்டர் வோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படகிலிருந்த உருவம் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, அதில் தேங்கியிருந்த எதையோ கொட்டியது. "இப்படி ஒரு ஈடுபாட்டை நான் எங்கயும் பாத்ததில்ல," என்றார் அம்மாள்.

மெர்டனுக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அவள் பசியோடு உட்கார்ந்திருக்க, இங்கே அவள் பெயரையே அழித்துவிட்டோமே என்று நினைத்தார். எல்லாம் அவளுக்காகத்தான் என்று தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் டீனே நேரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து முடிவுரையைக் கேட்டார். டாக்டர் வோஸ் ஒரு குறையும் சொல்லவில்லை. கோலெட் தெரியோவின் பணி இந்தக் கரைக்கே எடுத்துக்காட்டு என்று பெயர் சொல்லியே புகழ்ந்தார். சம்பளமில்லாமல் சேற்றில் தவமிருக்கும் தன்னார்வலரையும் விடவில்லை. டீன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, எல்லோருடனும் கைகுலுக்கிப் புறப்பட்டுப் போனார்.

வேன் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இடுப்பு வரை சேறு, கையில் ஒரு பை சிப்பி. கோலெட்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"என் வேலை?"

மெர்டன் எழுந்து, சேறு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டார். "தப்பிச்சுது, கண்ணு! உன் பேரைச் சொல்லிப் புகழ்ந்தாங்க. டீன் காதால கேட்டார்."

கோலெட் சிப்பிப் பையைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். இரட்டையரில் சின்னவனுக்குக் காது அறுவை சிகிச்சை அடுத்த மாதம் இருப்பதாக அப்போதுதான் சொன்னாள். மெர்டனுக்கும் கண் கலங்கியது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு மதிப்பீட்டினால் ஒரு மனுஷருக்கு நல்லது நடந்து அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மேஜைமேல் போன் அடித்தது. டீனின் செயலாளர் லொரெய்ன். கோலெட்டும் தன் காதால் கேட்கட்டும் என்று மெர்டன் சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"மெர்டன், டீனுக்கு ஒரே சந்தோஷம்," என்றாள் லொரெய்ன். "கோலெட் நாள் பூரா இல்லாமலே எல்லாம் இவ்ளோ அழகா நடக்கறதால அவளை இந்த மாசத்தோட நிறுத்திடலாங்கறார், அந்தச் சேத்துல உக்காந்திருந்தவங்க சும்மாவே செய்யறாங்களாமே, இனிமே கோலெட் வேலையையும் சேர்த்து அவங்களையே பாத்துக்கச் சொல்லணுமாம், அவங்க பேரு மட்டும் சொல்றீங்களா?"