ஈரத் துண்டுக்குள் ஒரு முகூர்த்தம்

கையில் கடிகாரம் கட்டியவனை ஊர் நம்பும். அந்தக் கடிகாரத்துக்கு ஒரு சர்டிபிகேட்டும் இருந்துவிட்டால், அவனே தன்னை நம்ப ஆரம்பித்துவிடுவான். வினை அங்கேதான்.

அப்போது நான் உத்திரமேரூரில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் கிளார்க். புள்ளலூர் மாமனார், சிங்கப்பூர் உறவினரிடம் சொல்லி வரவழைத்த சுவிஸ் கடிகாரத்தை மாப்பிள்ளை அழைப்பன்று என் கையில் கட்டிவிட்டார். கூடவே ஒரு காகிதம். கடிகாரத்தை மல்லாக்கப் போட்டு, கவிழ்த்துப் போட்டு, பக்கவாட்டில் நிறுத்தி, குளிரிலும் சூட்டிலும் வைத்துச் சோதித்து, 'துல்லியமாக ஓடுகிறது' என்று பாஸ் போட்டிருந்தார்கள். (எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னை யாரும் இவ்வளவு சோதிக்கவில்லை.) பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அதைத் தமிழில் சொல்லி விளக்கினேன். சாம்பார் ஆறிப்போனது.

மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன் தாலி கட்டியாக வேண்டும். மணையில் உட்கார்ந்தால், எதிரே ஹோமகுண்டம் கொழுந்துவிட்டு எரிகிறது. காகிதத்தில் இருந்த சூடு நம் ஊர் சித்திரை வெயிலைக்கூடத் தாண்டாது; அக்கினி பக்கத்தில் வைத்து யாரும் சோதிக்கவில்லையே! ஈரத் துண்டு ஒன்றை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

"மாப்ளே, டைம் இன்னா ஆவுது?" என்றார் மாமனார்.

துண்டை விலக்கிப் பார்த்தேன். "நெறைய டைம் கீது மாமா."

"டேய், காஞ்சிபுரம் பஸ்ஸு போயிட்ச்சிடா!" என் நைனா பதறினார். "அது போச்சின்னா ராவு காலம் வந்துகினு கீதுன்னு அர்த்தம்."

"பஸ்ஸுக்கு சர்டிபிகேட் கீதா நைனா?"

ஐயர் அடுத்த மந்திரத்தை நிதானமாக ஆரம்பித்தார். மீண்டும் பார்த்தேன். அதே நேரம். மயிரிழைகூட நகரவில்லை. துல்லியம் என்றால் இதுதான் என்று பூரித்துப்போனேன்.

பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் செண்பகம் அப்போதுதான் முதன்முதலாக என்னிடம் பேசினாள்.

"இன்னாங்க, முள்ளு நடக்கல."

கண்ணாடிக்குள் தண்ணீர். நன்றாக ஓடும் என்றுதான் சர்டிபிகேட் சொன்னது. நீந்தும் என்று சொல்லவில்லை.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று நைனா கத்தினார். மாமனார் தாலியை என் கையில் திணித்தார். அவசரத்தில் முதல் முடிச்சை அவள் மாலையோடு சேர்த்துப் போட்டேன். என் அக்கா அதை அவிழ்ப்பதற்குள் உயிர் போய் வந்தது. தாலி ஏறியது ராகு காலத்துக்கு முன்பா, பின்பா? யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் இருந்த ஒரே கடிகாரம் நின்றுபோயிருந்தது.

இன்றும் வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "ராவு காலத்துல கட்டின தாலி, வேற இன்னா ஆவும்?" என்பாள் செண்பகம். நான் விடமாட்டேன். பீரோவிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டுவேன். அது இன்னமும் நல்ல நேரத்தில்தான் நிற்கிறது. சர்டிபிகேட் உள்ள சாட்சி!

அவள் பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்புவாள்.

"மல்லாக்கப் போட்டு, கவுத்துப் போட்டு கடியாரத்த டெஸ்ட் பண்ணாங்களே, மாப்பிள்ளைய எவனாச்சும் பண்ணானா?"