ஒண்ணுகம்மி போட்ட மியூசியம் பிளான்

அன்று எங்கள் தறிவீட்டில் இருந்தவர்கள்: நான், தறிக்குழியில். என் மனைவி மல்லிகா, குச்சியில் நூல் தார் சுற்றிக்கொண்டு. அவள் தங்கை கஸ்தூரி, பக்கத்து வீடு, வாசற்படியில் முறைத்துக்கொண்டு. கஸ்தூரியின் மகள் செல்வி, ஆறு வயது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எங்கள் பிள்ளைகள் மூன்று. தெருப்பிள்ளைகள் ஐந்து. எல்லோருக்கும் நடுவில், கையில் ஒரு குச்சியோடு, இந்த இரண்டு பெண்களுக்கும் அண்ணன். எனக்கு மச்சான். ஊருக்கு ஒண்ணுகம்மி.

ஆரணியில் அவரைப் போலப் பிளான் போட்ட ஆள் கிடையாது. அவர் பிளான் போட்டு ஒழுங்காக நடந்த காரியமும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இன்னும் பிளான் முடியவில்லை என்பாள் மல்லிகா.

அவருக்கு வேலை, பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் முடிகிற இடத்தில் புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் வரும். ஒன்றை விட்டால் புடவை முழுக்கக் கோடு விழும். மச்சான் ஒரு இழையை விட்டதில்லை. பிள்ளையைத்தான் விட்டார்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. தேவிகாபுரம் மலைக்கோயிலுக்கு இதே ஒன்பது பிள்ளைகளையும் தனியாகக் கூட்டிப் போனார். இறங்கி வந்து எண்ணினால் எட்டு. செல்வி இல்லை. மலைமேல் ஓடினார். கீழே ஓடினார். மைக்கில் சொல்ல வைத்தார். குளத்தில் ஆள் இறக்கப் பார்த்தார். செல்வியோ கீழ்த்தெருக் குடும்பம் ஒன்றின் பின்னால் போய், அவர்கள் கையைப் பிடித்து, முந்தின பஸ்ஸிலேயே வீடு வந்து சேர்ந்திருந்தாள். இருட்டுகிற நேரத்துக்கு மச்சான் எட்டுப் பிள்ளைகளோடு தெருமுனையில் நின்று மாரில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கம்மி! ஐயோ, ஒண்ணு கம்மி!"

செல்வி வாசலில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அண்ணனை விளக்குமாற்றால் வரவேற்றாள். அன்றைக்கு வந்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவரை நம்பி யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. கடைக்குக்கூட அனுப்புவதில்லை. மனுஷன் இரண்டு வருஷம் சும்மா இருந்தார். சும்மா இருந்தார் என்றால், பிளான் போட்டார்.

செய்யாறு தாண்டி, காஞ்சிபுரம் சாலையில் யாரோ ஒரு பணக்காரர் சாமி சிலைகளாகச் சேர்த்து மியூசியம் வைத்திருந்தார். மச்சான் பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்துவிட்டு, அன்று தறிவீட்டில் வந்து சொன்னார்.

"நூறு சாமி கீதாம். ஒரே எடத்துல. கோயில் கோயிலா அலைய வேணாம், ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்."

"செல்விய அனுப்ப மாட்டேன்," என்றாள் கஸ்தூரி. "போன தபா நான் பட்ட பாடு போதும்ணா."

"நீயும் வா. மல்லிகாவும் வரட்டும், மாப்ளையும் வரட்டும். நீயே எண்ணிக்க. ஒண்ணு கொறஞ்சா இனிமே இந்தத் தெருவுல எந்தப் புள்ளை கையையும் தொட மாட்டேன். சத்தியம்."

எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் குச்சி, இதைச் சொல்லும்போது ஆடவில்லை. கஸ்தூரியும் பார்த்திருப்பாள்.

"சரி. வரேன். எண்ணறதுக்குத்தான் வரேன்."

உடனே ஒத்திகை ஆரம்பமானது. மியூசியத்தில் எதையும் தொடக் கூடாது, கத்தக் கூடாது, ஓடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொன்னால் ஏறாது, காட்ட வேண்டும் என்றார். என்னைத் தறிக்குழியிலிருந்து எழுப்பினார்.

"மாப்ள, நீதான் நடராசர். ஒரு காலத் தூக்கு."

தூக்கினேன்.

"கையி?"

அதையும் தூக்கினேன். மல்லிகா தார் சுற்றுவதை நிறுத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் நிக்கிற. தறிலேர்ந்து புடவை அறுக்க நாலு நாளு கீது, பட்டுக்கடை சேட்டு வந்து பாத்தா அவரும் கும்புட்டுட்டுப் போவாரு."

பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. என் கடைக்குட்டி காலடியில் ஒரு வாழைப்பழம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குப் பசி. எடுத்துத் தின்றேன்.

"சிலை தின்னுமா மாப்ள?" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "மொத்தப் பிளானையும் கெடுத்துட்டியே! மறுபடி மொதல்லேர்ந்து வாங்க!"

மறுபடி காலைத் தூக்கினேன்.

வாந்திக்கு ஒரு பிளான். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பிளாஸ்டிக் கவர். சோற்றுக்கு ஒரு பிளான். புளிச்சோறு, தாகம் எடுக்கும் என்பதால் உப்புக் குறைவு. கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க ஒரு பிளான். பழுது விழுந்த புடவையில் கிழித்த அரக்குப் பட்டு, இரண்டு முழம், ஓரத்தில் ஜரிகை. அதைக் குச்சியில் கட்டிக் கொடியாகப் பிடித்துக்கொண்டார். கொடி எங்கேயோ அங்கே மாமா.

பெரிய பிளானைக் கடைசிவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பஸ்ஸில் ஒரு பிள்ளையும் வாந்தி எடுக்கவில்லை. பிளான் போட்டவர் எடுத்தார். மூன்று கவர்.

மியூசியம் வாசலில் இறங்கியதும் பையிலிருந்து பட்டு நூலை எடுத்தார். நாலு இழை சேர்த்து முறுக்கியது. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டையும் அடுத்த பிள்ளையின் மணிக்கட்டோடு பிணைத்தார். ஒன்பதும் ஒரே பாவு. முதலில் செல்வி. செல்வியின் இன்னொரு கை அவர் கையோடு.

வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"இன்னாய்யா இது? புள்ளைங்களக் கயித்துல கட்டி இஸ்துகினு வர?"

"கயிறு இல்லீங்க. அசல் பட்டு."

வாட்ச்மேன் பட்டைத் தொட்டுப் பார்த்தார். அசல்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்.

உள்ளே சாமிகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில். மணி இல்லை, குளியல் இல்லை, பொங்கல் இல்லை. தலைக்கு மேலே ஒரு டியூப்லைட். பார்த்தால் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன சாமிகள் மாதிரி இருந்தது. ஒத்திகையில் வாழைப்பழம் வைத்த என் கடைக்குட்டி, கட்டியிருந்த கையோடு அடுத்தவன் கையையும் சேர்த்து இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாப்பா, கும்புடக் கூடாது," என்றார் வாட்ச்மேன். "இது சாமி இல்ல. சிலை."

"அப்ப எதுக்குய்யா செருப்பக் கழட்டச் சொன்ன?" என்றார் மச்சான்.

வாட்ச்மேன் யோசித்தார். "அது மொதலாளி உத்தரவு."

நவகிரகத்தைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. மச்சான் எண்ணினார். ஒன்பது இருந்தது. திருப்தி. ஆனால் சுற்றி வர வழியில்லை.

"சுத்த முடியாத நவகிரகம் இன்னா நவகிரகம்? பசங்களா, நின்ன எடத்துலயே சுத்துங்க."

சுற்றின. ஒன்பது பிள்ளைகளும் பட்டு நூலும் ஒரே நூல்கண்டாகிவிட்டது. அவிழ்க்க வந்த வாட்ச்மேனின் காலும் உள்ளே மாட்டிக்கொண்டது. "அறுக்காதய்யா, பட்டு! ஜல்தி பண்ணாத, பொறு!" என்று மச்சான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்காக எடுத்தார். மற்ற ஜனங்கள் சிலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கஸ்தூரி மட்டும் தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி அறையில் ஓர் அம்மன். கண்ணாடி இல்லை. சுற்றி ஒரு கயிறு மட்டும். செல்வி உயரம்தான் இருக்கும். உடம்பில் துணி இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துணி இல்லாத சாமியைப் பார்த்ததே கிடையாது. கோயிலில் புடவை மாற்றும்போது ஐயர் திரை போட்டுவிடுவார். செல்வி நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் எட்டும் நின்றது.

"மாமா, அம்மனுக்கு ஏன் புடவை கட்டல?"

"மியூசியத்துல அப்டித்தாம்மா."

"இவங்ககிட்ட புடவை இல்லியா?"

"இல்லபோல."

"நம்ம ஊர்ல கீதே."

மச்சானிடம் இதற்குப் பிளான் இல்லை. செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசை முழுக்க உட்கார்ந்தது. கஸ்தூரி திட்டினாள், மல்லிகா கெஞ்சினாள். பஸ்ஸுக்கு நேரமானது. மச்சான் குனிந்து செல்வி காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்துகொண்டாள்.

ஆரணி பஸ் வாசலில் நின்றது. டிரைவர் எதிரே டீக்கடைக்குப் போயிருந்தார். மச்சான் படிக்கட்டில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாக முறுக்கு அவிழ்த்து உள்ளே ஏற்றினார். "ஒண்ணு... ரெண்டு..." என்று தெருவே கேட்கிற மாதிரி எண்ணினார். ஒன்பது. கஸ்தூரி உள்ளே ஒரு தடவை எண்ணினாள். சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினாள். ஒன்பதுதான்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் இளகியது. "சரிண்ணா. வந்து உக்காரு," என்றாள்.

"தோ வரேன்," என்றார்.

டிரைவர் வந்தார். விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். ஒரு பர்லாங்கு போயிருக்கும்.

"கொடியக் காணோம்," என்றாள் செல்வி.

கஸ்தூரி திரும்பினாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். எழுந்து நின்று, பஸ்ஸே அதிரக் கத்தினாள்.

"வண்டிய நிறுத்துங்க! ஒண்ணு கம்மி!"

பிரேக் போட்ட வேகத்தில் புளிச்சோற்றுப் பாத்திரம் டிரைவர் வரை உருண்டது. கண்டக்டர் ஓடி வந்தார்.

"புள்ளையாம்மா?"

"எங்கண்ணன்."

"எத்தினி வயசு?"

"நாப்பத்தஞ்சு."

ஜனங்கள் பேஜாரானார்கள். விட்டுட்டுப் போப்பா, அடுத்த பஸ்ல வருவான் என்றார் ஒருவர். கஸ்தூரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கிப்போய் டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் ஓடி வந்தார். கையில் வெறும் குச்சி. வந்து ஏறி, மூச்சு வாங்கினார்.

"கொடி எங்க மாமா?" என்றாள் செல்வி.

"அம்மனுக்குக் கட்டி உட்டுட்டேன்."

"வாட்ச்மேன் ஒண்ணும் சொல்லலியா மச்சான்?" என்றேன்.

"கத்த வந்தான். துணிய விரிச்சேன். அந்தப் பக்கமா திரும்பி நின்னுகினான். கட்டி முடிக்கிற வரைக்கும் திரும்பல."

கண்டக்டர் கேட்டார். "இப்பவாவது எல்லாம் ஏறியாச்சா? உங்க செட்டுல மொத்தம் எத்தினி பேரு?"

கஸ்தூரி டிரைவர் கதவை விட்டு ஏறி வந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் ஒன்பது. மல்லிகா, நான். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். கடைசியில் வேர்த்துக் கொட்டிய அண்ணன் தலைமேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

பதிமூன்று.