மூடுபனியில் ஒரு சதுரம்

நான்காவது முளையை அடித்துவிட்டு அவள் சுற்றி வந்தபோது, முதல் முளை இரண்டடி தள்ளி நின்றது.

இடுப்பளவு புல்வெளியில் பத்து மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் இருக்கும் செடிகளை இனவாரியாக எண்ணித் தர வேண்டும், அதுதான் தேர்வு. அவள் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இதிலும் தவறினால் தாவரக் கணக்கெடுப்பு வேலை கைநழுவிவிடும். சதுரம் கோணினால் எண்ணிக்கை செல்லாது என்று காலையிலேயே எச்சரித்துவிட்டுத் தேர்வாளர் பனிக்குள் மறைந்திருந்தார்.

முளையைப் பிடுங்கிப் பழைய குழியிலேயே நட்டாள். ஒரு சுற்று வந்து பார்த்தால், அது மறுபடியும் இடம் மாறியிருந்தது. கூடவே இரண்டாவதும்.

கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"முளை தானா நகருதுங்க."

"குரங்கா இருக்கும்."

"குரங்கு கயித்துல முடிச்சுப் போடுமா? நான் போட்டதைவிட அழகா இருக்கு."

"அப்ப அதையே பரீட்சை எழுதச் சொல்லிடு."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். இம்முறை கல்லை எடுத்து, முளையின் தலையில் மூன்று முறை ஓங்கி அடித்தாள். பனிக்குள்ளிருந்து எதிரொலி வந்தது. நான்கு முறை.

ஆனாலும் வேலை போய்விடுமே என்ற பயம் பேய்ப் பயத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. முளையில் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு புல்லுக்குள் குந்தினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கயிறு மெல்ல, மிக மெல்ல, அவள் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. யாரோ பொறுமையாக இழுக்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஒரே வெட்டாக இழுத்தாள்.

பனிக்குள் ஏதோ தொப்பென்று விழுந்தது. நீண்ட முனகல் ஒன்று எழுந்து, புல்லைச் சரசரவென்று கிழித்துக்கொண்டு தொலைவில் தேய்ந்தது.

அவள் எழுந்திருக்கவும் துணியாமல் கிடந்தாள். கால்மணி நேரம் கழித்து, தேர்வுக்கு அழைத்து வந்த ஜீப் ஓட்டுநர் விளக்கடித்துத் தேடிக்கொண்டு வந்தார்.

"எழுந்திரும்மா, கிளம்பலாம். பரீட்சை கிடையாதாம், எல்லாருக்கும் பாஸாம். சரிபார்க்கிறதுக்காக இங்கேயே ஒரு சதுரம் கட்டிக்கிட்டிருந்த தேர்வாளர் ஐயா, தன்னோட முளையெல்லாம் தானா நகருது, கடைசியில பேய் கயித்தோட இழுத்துக் குப்புறத் தள்ளிடுச்சுன்னு, வண்டிக்குள்ள நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்காரு."