அரை மார்க்கின் முதல் பெஞ்சு

எமனே வந்து எதிரில் நின்றாலும், "என் வயசைக் கூட்டினதுல எங்கியோ தப்பு கீது சார், இன்னொரு வாட்டி கூட்டிப் பாருங்க" என்று மல்லுக்கு நின்று, அவனைத் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் அந்த நாளைய மெட்ராஸில் ஒருவன்தான் இருந்தான். அவன் என் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. ஆஜர் கூப்பிடுகிற வாத்தியாரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தண்டையார்பேட்டையில் அவனுக்கு ஒரே பெயர், அரை மார்க்.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஐந்தாவது பாரம், அதாவது பள்ளிப் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் எண்ணெய் ஆலை, இன்னொரு பக்கம் கொஞ்சம் நடந்தால் கடல். கிழக்குக் காற்று அடித்தால் கருவாட்டு வாசனையில் படிப்போம், மேற்குக் காற்று அடித்தால் புண்ணாக்கு வாசனையில் படிப்போம். படிப்பு என்னவோ இரண்டிலும் ஒரே லட்சணம்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் வகுப்பு வாத்தியார் எங்கள் எல்லோரையும் புத்தகத்தோடு எழுப்பிச் சுவரோரமாக நிற்க வைப்பார். ராங்க் வரிசைப்படி பெயரைக் கூப்பிடுவார். முதல் பையனுக்கு முதல் பெஞ்சில் முதல் இடம், இரண்டாமவனுக்கு அதற்குப் பக்கத்து இடம். பெஞ்சுக்கு ஐந்து பேர். இப்படியே கூப்பிட்டுக்கொண்டு போய், கடைசியில் சுவரோடு தனியாக நிற்கிறவன் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவான். அடுத்த பரீட்சை வரைக்கும் அதுதான் அவனவன் விலாசம். முதல் இடம் அரை மார்க்குக்கு, இரண்டாம் இடம் எனக்கு. மூன்று வருஷமாக இதில் மாற்றமே இல்லை.

விடைத்தாள் கைக்கு வந்ததும் மற்றவர்கள் மொத்தத்தைப் பார்ப்பார்கள். அவன் தாளை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, எங்கே வெட்டியிருக்கிறது என்று தேடுவான். ஒரு தடவை இந்தியா படத்தில் இலங்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டான் என்று பூகோள வாத்தியார் அரை மார்க் குறைத்துவிட்டார். அன்று மாலை அவர் கல்மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு அங்கேயே போய்விட்டான். பந்தியில் இடம் கிடைக்கும் என்ற நப்பாசையில் நானும் துணைக்குப் போனேன். வாத்தியார் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். இவன் இலைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படத்தை விரித்தான். நடுவில் கடல் இருக்கிறதே, ஒரு நாள் தண்ணீர் ஏறும், ஒரு நாள் இறங்கும், அதற்குத் தகுந்தபடி கரையும் கொஞ்சம் தள்ளித்தானே தெரியும் என்பது அவன் கட்சி. பாயசம் வந்தது. பரிமாறுகிறவன் குறுக்கே உட்கார்ந்திருந்த இவனைத் தாண்ட முடியாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டான். வாத்தியார் அரை மார்க்கைக் கொடுத்த பிறகுதான் பாயசத்தைக் கண்ணால் பார்த்தார்.

அதற்காக அவனைப் பேராசைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் வாத்தியார் ஒரு முறை கூட்டலில் அரை மார்க் அதிகமாகப் போட்டுவிட்டார். அதையும் அவர் வீடு வரை போய் வெட்டிக்கொண்டுதான் வந்தான். வாத்தியாருக்கு அவனை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லையாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து கணக்கு வாத்தியார் விஷயத்தில் நடந்தது. அவர் எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை அடக்கியிருப்பவர். வாயைத் திறந்தால் சட்டை பாழ் என்பதால் பாடம், கேள்வி எல்லாமே போர்டில்தான். எங்களைத் திட்டுவதைக்கூட எழுதித்தான் திட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூன் வாசலில் காத்திருந்த ஒருவரை இவர்தான் என்று நினைத்து, அரை மார்க் தன் ஜியோமெட்ரிக் கணக்கை ஆதியோடந்தமாக விளக்கி, இதற்கு எப்படி அரை மார்க் குறைக்கலாம் என்று நியாயம் கேட்டிருக்கிறான். அந்த ஆள் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ சொல்றது நாயமாத்தான் கீது நைனா. அரை இன்னாத்துக்கு, ஒண்ணாவே எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் அரை மார்க் வகுப்பில் எழுந்து நின்று, நேற்று சார் கொடுத்த ஒரு மார்க் ஏன் இன்னும் மார்க் கார்டில் ஏறவில்லை என்று கேட்டான். வாத்தியார் வெற்றிலையோடு விழித்தார். சாக்பீஸைக் கையில் எடுத்தவர், என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார்.

ஏலக்காரர் மூலமாக விஷயம் வெளியே வந்து ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. எதிரில் நிற்கிற ஆளையே தெரியவில்லையென்றால் இவனுக்கு என்ன கோளாறு? அன்று மாலை விடாமல் கேட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் போர்டு தெரியும். இரண்டாவது பெஞ்சில் கண்ணை இடுக்கினால் பாதி தெரியும். அதற்கும் பின்னால் போனால் போர்டில் எழுதியிருக்கிறதா, துடைத்திருக்கிறதா என்பதே தெரியாது.

வீட்டில் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொள்ளேன் என்றேன். பதறிவிட்டான். அவனுடைய அக்கா ஆறாம் வகுப்பில் ஒரு நாள் தலைவலி என்று படுத்தாளாம். புத்தகம்தான் பெண்ணைக் கெடுத்தது என்று மறுநாளே படிப்பை நிறுத்திவிட்டார்களாம். அவன் அப்பா ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். படிப்பின் மேல் அவருக்கு மரியாதை உண்டு, பயம் அதைவிட அதிகமாக உண்டு.

"கண்ணு தெர்லன்னு வாயத் தொறந்தா அன்னியோட பள்ளிகூடம் காலி," என்றான். "இந்த எடம் இருந்தா போதும்டா. இங்க குந்திகினா எனக்கு எல்லாம் தெரியுது."

ஐந்துக்குள் வந்தாலே முதல் பெஞ்சு கிடைத்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் அரை மார்க்தான் இருக்கும், எந்த அரை மார்க் என்று யாருக்குத் தெரியும் என்றான். அவன் வாத்தியார்களின் பிராணனை வாங்கியதெல்லாம் எதற்கு என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் போட்டி அதுவரை நல்ல போட்டியாகத்தான் இருந்தது. சாயங்காலம் ராயபுரம் கடலோரம் கல்லின் மேல் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்குவோம். அவனை மடக்க வேண்டும் என்ற வெறியில்தான் நான் புத்தகத்தையே திறந்தேன். அவன் இல்லாவிட்டால் பதினைந்தாவது ராங்க்கில் நிம்மதியாகக் குறட்டை விட்டிருப்பேன். எனக்குப் புரியாததை அவனே சொல்லிக்கொடுப்பான். ஒளித்து வைத்துக்கொண்டு படிக்க அவனுக்குத் தெரியாது.

கெடுத்தது என் அப்பாதான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அப்பா ஒரு கிடங்கில் குமாஸ்தா. மாதா மாதம் கார்டில் கையெழுத்துப் போடும்போது, வின்ச் ஓட்டுகிறவன் பிள்ளை சோற்றுக்குப் பதிலாக மார்க்கைத் தின்கிறானா என்று கேட்பார். அந்த இலங்கை அரை மார்க் இருக்கிறதே, அந்த மாதம் அவனை முதலாவதாகவும் என்னை இரண்டாவதாகவும் வைத்தது அதுதான். கல்மண்டபத்துக்குத் துணை போனதும் நானே. நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

அரையாண்டுப் பரீட்சை வந்தது. கடுதாசிப் பஞ்சத்தில் கேள்வித்தாள் அச்சடிக்கவில்லை. மற்ற வாத்தியார்கள் கேள்விகளை வாயால் சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். கணக்கு வாத்தியார் வழக்கம் போல போர்டில் எழுதினார். போதாததற்கு ஹெட்மாஸ்டர் ஒரு புது உத்தரவு போட்டிருந்தார். காப்பி அடிக்கிறவர்கள் கண்ணெதிரில் இருக்க வேண்டுமாம். அதனால் பரீட்சைக்கு மட்டும் கடைசி பெஞ்சு முன்னால் வர வேண்டும், முதல் பெஞ்சு கடைசிக்குப் போக வேண்டும். நன்றாகப் படிக்கிற பையன்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்று அந்த மனுஷருக்கு ஒரு நம்பிக்கை.

ஆக, அரை மார்க்கும் நானும் கடைசி பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில். வாத்தியார் எழுதி முடித்துத் திரும்பியபோது இவன் முகம் வெளுத்திருந்தது. என் பக்கம் மெல்லச் சாய்ந்து, கேள்வியை மட்டும் படித்துச் சொல் என்று கேட்டான். விடை கேட்கவில்லை. யாருடைய விடையும் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. உதட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் படித்தேன், அவன் குறித்துக்கொண்டான். ஏழு கேள்விகளை ஒழுங்காகத்தான் சொன்னேன். எட்டாவது கேள்விக்குப் பத்து மார்க். பதினெட்டு ஆட்கள் இருபது நாளில் கட்டி முடிக்கும் சுவரை இருபத்துநான்கு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்?

இருபத்தொன்பது ஆட்கள் என்று சொன்னேன்.

வாய் தவறிவிட்டது என்று இன்றைக்கு எழுதினால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. வாய் தவறவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னேன். அவன் பேனாவை நிறுத்திவிட்டு, இருபத்தொன்பதா என்று திரும்பக் கேட்டான். ஆமாம் என்றேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று கணக்கு வாத்தியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தார். மூன்று வருஷத்தில் அவர் குரலை அன்றுதான் சரியாகக் கேட்டோம்.

"பன்னெண்டு நாள், அப்புறம் இருபத்தொன்பதுல பன்னெண்டு பங்கு நாள். ஏம்ப்பா, அந்தப் பங்கு எப்போ? கொத்தனார் டீ குடிச்சிட்டு வர்ற நேரமா?"

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எல்லோரும் அரை மார்க்கின் பக்கம் கழுத்தை நீட்டினார்கள், இனிமேல்தானே வேடிக்கை என்று. இப்போது எழுந்திருப்பான், என்னைக் காட்டிக் கொடுப்பான் என்று காத்திருந்தேன். அரை மார்க்குக்காகக் கல்யாணப் பந்தி வரை போனவன், பத்து மார்க்குக்கு வாயைத் திறக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஏழாவது ராங்க், இரண்டாவது பெஞ்சு. முதல் இடத்தில் நான். அன்று அப்பா எங்கிருந்தோ சர்க்கரை பிடித்து வந்து வீட்டில் கேசரி கிளறச் சொன்னார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அது இன்னொரு பொய்.

அடுத்த மாதம் பன்னிரண்டாவது ராங்க், மூன்றாவது பெஞ்சு. அங்கே பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டுக் கேட்டு எழுதினான். அந்தப் பையனுக்குக் கண் இருந்தது, கவனம் இல்லை. போர்டில் உள்ளதை அவன் படித்துச் சொன்னால் எழுதிப் போட்ட வாத்தியாருக்கே அது புதிதாக இருக்கும். முழுப் பரீட்சை வருவதற்குள் அரை மார்க் நான்காவது பெஞ்சுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் பெயர் கூப்பிடக் கூப்பிட, அவன் சுவரோரம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. நான் முதலிலேயே உட்கார்ந்துவிடுவதால் அது முழுவதையும் பார்க்கவேண்டியிருந்தது. வாத்தியாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்து கொடுத்த சத்தியத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன். வெட்கங்கெட்ட சாக்கு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று அவன் அப்பா நிறுத்திவிட்டாராம். தண்டையார்பேட்டையிலேயே தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவரின் கிடங்கில் சேர்த்துவிட்டார்கள். போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் குழம்பிவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

நாற்றம் வாசலிலேயே ஆளைத் தள்ளியது. உள்ளே அரை மார்க் ஒவ்வொரு தோலாக எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கனமானது ஒரு பக்கம், மெலிசானது ஒரு பக்கம் என்று அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்ட குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டான். தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற நிலையிலேயே கொட்டிவிட்டேன். அன்றைக்குப் போர்டில் இருந்தது இருபத்துநான்கு, நான்தான் மாற்றிச் சொன்னேன், வேண்டுமென்றேதான் சொன்னேன் என்று.

"தெரியும்டா," என்றான். கையிலிருந்த தோலைக் கீழே வைக்கவில்லை. "நம்ம வாத்தியாரு கணக்குல என்னிக்காவது மீதி வந்துகீதா? இருபத்தொம்பது போட்டா மீதி வருது. இருபத்திநாலு போட்டா சுத்தமா பதினஞ்சு நாளு. அங்கியே போட்டுப் பாத்துட்டேன்."

"பின்ன ஏண்டா இருபத்திநாலுன்னு எழுதல?"

அந்தத் தோலைக் கனமான பக்கத்தில் போட்டான்.

"எழுதினா நீ பொய் சொன்னன்னு ஆயிடும்ல," என்றான். "பக்கத்துலயே குந்திகினு கீற. அத எப்டிடா எழுதறது?"

ஆஸ்பத்திரிக்கு வா, கண்ணாடி வாங்கிவிடலாம் என்று ஏதோ உளறினேன். அவன் சிரித்தான். இங்கே போர்டு இல்லை, விரல் இருந்தால் போதும் என்றான். பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், போய்விட்டான்.

ஆறாவது பாரம் முழுவதும் நான் முதல் பெஞ்சில் முதல் இடத்தில்தான் இருந்தேன். பக்கத்து இடத்துக்கு மாதம் ஒருவன் வந்தான். எல்லோரும் நல்ல பையன்கள்தான். ஒருத்தனையும் எனக்குப் பிடிக்கவில்லை.