சின்சே கடையில் நான் ‘தூரமான’ கதை

நம் பெண்களுக்குப் பல்வலி என்றால் பல்வலி, முதுகுவலி என்றால் முதுகுவலி. ஊரையே கூட்டிச் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு கோளாறு என்றால் மட்டும் அது ‘அது’. அந்த ‘அது’வுக்கு நேரான பெயர் சொல்லத் தெரியாமல் ஒரு மருந்துக்கடை நிறைய ஆள் நின்றபோது நான் மானம் போய் நின்றிருக்கிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். நாட்டுக்கு வரவேண்டியது வந்துவிட்டது. எனக்கு மாதாமாதம் வரவேண்டியதுதான் வரவில்லை.

செகாமாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி மலாக்காவுக்கு, காஜா பெராங்குக்கு வந்தேன். கணவர் ஓர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. மிகவும் நல்ல மனிதர். ஆனால் வார்த்தைகளை ரேஷனில் வாங்கியவர் போலப் பேசுவார். நான் என்ன சொன்னாலும் கூரையைப் பார்த்துவிட்டு “சரி” என்பார். அம்மாவும் தங்கைகளும் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு நூலாகிவிட்டது. ‘அது’வும் நின்றுபோனது.

மாமியாருக்குப் பரம சந்தோஷம். “எம் மருமவ முழுகாம இருக்கா!” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மாங்காயைக் கீறி உப்பு தொட்டு என் கையில் திணிப்பார். ஆஸ்பத்திரி மிஸ்ஸியோ (நர்ஸை அப்படித்தான் சொல்வோம்) சோதித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளையெல்லாம் இல்லம்மா. போயி நல்லா சாப்புடு,” என்று அனுப்பிவிட்டாள். (ஹார்மோன் என்று இப்போது ஒரு சொல் இருக்கிறது. அன்று அது எங்கள் தெருவரைக்கும் வந்து சேரவில்லை.) கணவரிடம் மட்டும் “இல்லையாம்” என்றேன். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கூரையைப் பார்த்தார். மாமியாரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மாங்காயைத் தின்றுகொண்டே, மாமியாரின் இந்த வாயே என்னை மலடி என்று சொல்ல இன்னும் எத்தனை நாளாகும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டு மீனாட்சி அக்காதான் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் மலாக்காச் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்ப் பழக்கத்துக்கு மாறிவிட்ட தமிழர்கள் அவர்கள். பெயர் மீனாட்சி, கும்பிடுவது மாரியம்மனை, கட்டுவது கெபாயா, பேசுவது மலாய். தமிழில் சாமி பெயர்களும் சமையல் சாமான்களும் தெரியும், போனால் போகிறதென்று இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். என் மலாய் மீன் வாங்கும் அளவுக்குத்தான். “சாக்கிட்?” என்று கேட்டார். நோவா என்று கேட்கிறார். தலையாட்டினேன். மறுநாளே பேச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி, டவுனில் இருந்த சீன மருந்துக்கடைக்கு அழைத்துப்போய்விட்டார்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். காய்ந்த வேர், காய்ந்த பழம், காய்ந்த ஏதோ ஒரு பூச்சி. நடுவில் மூக்குக் கண்ணாடியோடு சின்சே, அதாவது வைத்தியர். பெஞ்சில் காத்திருக்கும் கூட்டம். அதில் தினசரித் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு தமிழரும் இருந்தார். நான் கவனிக்கவில்லை.

சின்சே என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு, என்ன விஷயம் என்பதுபோல் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“அக்கா... நான் வீட்டுக்குத் தூரமாவுறதே இல்ல.”

தோட்டத்தில் இப்படித்தான் சொல்வோம். இதைவிட நாகரிகமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அக்காவுக்குத் தெரிந்த தமிழில் ‘வீடு’ இருந்தது, ‘தூரம்’ இருந்தது. அவர் முகம் இரக்கத்தால் குழைந்தது.

“டியா பூஞா ரூமா ஜாவ், சின்சே,” என்றார். இவள் வீடு தூரம்.

“ரூமா மானா?” வீடு எங்கே?

இது எனக்கே புரிந்தது. “காஜா பெராங்,” என்றேன்.

“டெக்காட் லா!” என்றார் சின்சே. கிட்டத்தானே இருக்கிறது! பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வியர்த்துவிட்டது. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். “மாசாமாசம் வர்றது வரல, அக்கா.”

‘மாசம்’ தெரிந்தது. ‘வரல’ தெரிந்தது. யார் வரவில்லை என்பதை அக்கா தாமாகவே முடிவு செய்துகொண்டார். கல்யாணமான பெண்ணுக்கு வராமல் இருக்கக்கூடியவன் ஒருவன்தானே? அவர் என் தோளை அணைத்துக்கொண்டு சின்சேயிடம் என்னவோ நீளமாகச் சொன்னார். அதில் ‘லாக்கி’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. புருஷன். பெஞ்சிலிருந்த கிழவிகள் “ஐயோ!” என்று உச்சுக் கொட்டினார்கள்.

கடைக்குப் போவதாகக் காலையிலேயே சொல்லியிருந்ததால், அந்த நேரம் பார்த்து என் கணவர் ஆபீஸ் விட்டு வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை அழைத்துப்போக உள்ளே வந்தார்.

“இதுதான் புருஷன்,” என்று அக்கா மலாயில் காட்டிக்கொடுத்தார். சின்சே எழுந்தே விட்டார். வீட்டுக்குப் போவதில்லையா, இவ்வளவு சின்னப் பெண்ணை மாதக்கணக்கில் தனியாக விடலாமா என்று விரலை ஆட்டி ஆட்டித் திட்டினார். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நீளமாகப் பேசினார். “நான் தினமும் வீட்டுக்குப் போறேன்! அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டா அஞ்சே காலுக்கு வீட்டுல இருப்பேன்! எங்கம்மாவைக் கேளுங்க!” மலாயில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். கிழவிகள் நம்பவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, தெரிந்த மலாயையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

“டியா டாத்தாங்! ஹாரி ஹாரி டாத்தாங்! டாரா! டாரா தா டாத்தாங்!”

அவர் வருகிறார், தினமும் வருகிறார், ரத்தம்தான் வரவில்லை.

மணிச்சட்டம் தட்டிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. பெஞ்சில் தினசரித் தாள் மெல்லக் கீழே இறங்கியது. அதன் பின்னால் இருந்தவர் என் கணவரின் ஆபீஸ் பெரிய கிராணி.

பூமி பிளக்க வேண்டும் என்று சீதைக்கு மட்டும்தான் தோன்றியது என்று நினைக்காதீர்கள்.

சின்சே மட்டும் சிரிக்கவில்லை. “ஓ, டாத்தாங் பூலான்,” என்றார். நிலா வருவது. மலாயில் எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்! இது தெரியாமல்தானே மானத்தை விற்றேன். அவர் இரண்டு கைகளிலும் மறுபடி நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கை காலெல்லாம் சில்லிடுகிறதா, தூக்கம் வருகிறதா, அழுகிறாயா என்று கேட்டார்; என் கணவர் தமிழில் சொன்னார். கடைசிக் கேள்விக்குப் பதில் தானாகக் கண்ணிலிருந்து வந்தது. ரத்தம் ஆறு மாதிரி, மனத்தில் பாரம் இருந்தால் ஆறு தேங்கிவிடும் என்றார். பிறகு சின்னத் தராசில் தாங் குய் வேரும் சிவப்புப் பேரீச்சையும் இன்னும் என்னவெல்லாமோ நிறுத்து, காகிதப் பொட்டலங்களாக மடித்தார். பெண்களுக்குரிய மருந்து அது. பொட்டலங்களை என் கணவரிடம் கொடுத்தபோது சொன்னார்: “இது பாதிதான். மீதி, அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பு.”

மறுநாள் ஆபீசில் பெரிய கிராணி, இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே லீவு கொடுத்துவிட்டார். (முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக் கொடுத்தாராம்.) இவர் என்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார். கிளம்பிய அவசரத்தில் பொட்டலங்களை வீட்டிலேயே மறந்துவிட்டோம். அவை மாமியார் கண்ணில் பட்டுவிட்டன.

“இது யாருக்குடா?”

என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “எனக்குத்தாம்மா. வயிறு சரியில்ல.”

அவ்வளவுதான். தாயுள்ளம் பொங்கிவிட்டது. மாமியார் தாமே மண்சட்டியில் போட்டு, மூன்று குவளை ஒரு குவளையாகச் சுண்டக் காய்ச்சி, எதிரில் நின்று கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தார். தினமும்.

தோட்டத்தில் நான் அம்மா கை ரசம் குடித்தேன், தங்கைகளோடு விடிய விடியப் பேசினேன், பகலில் தூங்கினேன். ஒரு நாள் காலை வரவேண்டியது வந்துவிட்டது. அழுதேன், சிரித்தேன், அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

காஜா பெராங் திரும்பினால், கணவருக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது. “சீனமருந்து எம் மவனுக்கு நல்லா ஒத்துக்கிச்சு,” என்று மாமியாருக்குப் பெருமை. என்னைப் பார்க்க வந்த மீனாட்சி அக்கா அடுப்படியில் மோப்பம் பிடித்தார். யார் குடிக்கிறார்கள் என்று கேட்டார். மாமியார் மகனைக் காட்டினார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “ஊபாட் பெரெம்புவான்! ஊபாட் பெரெம்புவான்!” என்றார். பெண்கள் மருந்து!

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

“பைத்தியக்காரி,” என்றார் மாமியார். “கப்பல்ல வந்து எறங்குன வருசம் எனக்கும் நின்னுதான் போச்சு. அப்ப சொல்ல ஆளில்ல எனக்கு. ஒனக்குத்தான் நான் இருந்தேனே?” பிறகு வீடு வீடாகப் போய், “நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன், எம் மருமவள ஒன்னும் கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு வந்தார். பிற்பாடு எனக்கு நாலு பிள்ளைகள் பிறந்தது வேறு கதை.

பெண்டாட்டிக்கு வியாதி, புருஷனுக்கு மருந்து, குணமானது பெண்டாட்டிக்கு. எங்கள் குடும்பத்தில் இன்றும் இதுதான் வைத்திய சாஸ்திரம். போன வாரம் எனக்குக் காய்ச்சல். பேத்தி மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நேராகத் தாத்தாவிடம் போய் நீட்டினாள். மனிதர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.